ஹாஜறா தனியே நடந்த மலைகள்

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில், மரண அறிவித்தலுக்காகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. நான் கல்முனையில் சாச்சி வீட்டின் பின்பக்கத்தில் இருந்து தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு பெண் மவுத்தானால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார் என்று அறிவித்தல் நீண்டுகொண்டே போகும். கேட்பவர்கள் அதற்குள் தங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். அன்று அறிவித்தல் மிகவும் சுருக்கமாக இருந்தது. நிறைய வயல் வைத்திருந்து காலஞ்சென்ற ஒரு போடியாரின் பெயரைச் சொல்லி, அவருடைய மூத்த மகள், ஆசிரியை என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். சாச்சி குசினிக்குள் இருந்து, "ஆருகா மவுத்து? முழுசாச் சொல்லல்லயே?" என்று கேட்டார். முழுதாகத்தான் சொன்னார்கள். அவளைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் அதற்கு மேல் உறவுமுறை இருக்கவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஹாஜறா டீச்சர். புவியியல் படிப்பித்தவர், அதிகம் கதைக்காதவர், கரும்பலகையில் ஒரு வளைவை அழிக்காமல் ஒரே இழுப்பில் வரைபவர். எனக்கு அவள் ஹாஜறா. பேராதனையில் படித்த காலம் முழுவதும் நாங்கள் ஒரே விடுதி அறை. பிறகு கல்முனையில் ஒரே ஆசிரியர் அறை. 'அவர்' என்று எழுத முயன்று பார்த்தேன். எழுதியது வேறு யாரையோ பற்றியதாக இருந்தது. ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளைக் கிடத்தியிருந்த மையித்து வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் சுவரோரமாக ஒதுங்கி யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண் பக்கத்தில் இருந்தவருக்கு என்னைக் காட்டினார்.

"இவதான் அந்த டீச்சர். மலைக்குக் கூடப் போன சினேகிதி."

"ஓ, இவவா? ரெண்டு குமர்ப்புள்ளைகளும் சேந்துதானே போன. அதுக்கு அந்த நேரம் என்னென்ன கதையெல்லாம் கட்டினாங்க, அல்லாஹ்தான் பாக்கணும்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். மவுத்தானவளின் மீது ஒட்டியிருந்த பழைய தூசியைத் தட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. ஆனாலும் அவர்கள் சொன்னது நடக்கவில்லை. ஹாஜறா அன்று தனியாகப் போனாள். 'தனியாக' என்ற அந்தச் சொல்லை மாற்றாமல் வைத்திருப்பதற்காக அவள் கொடுத்த விலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். எங்கள் பெண்கள் ஜனாஸாவுக்குப் பின்னால் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. மையித்தைச் சுமக்கும் சந்தூக்கு வளவின் கடப்பு வாசலைத் தாண்டும்வரைதான் எங்களுக்கு. அது தாண்டிப் போவதற்குள்ளேயே அவளுடைய அந்த நாளுக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் பேச எனக்கு எப்போதுமே வராது. ஆகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பேராதனைக்குப் போனோம். நான் பாலமுனை, அவள் கல்முனை. இரண்டு பேரின் வீட்டிலும் அதற்கு முன் பல்கலைக்கழகம் போனவர் என்று யாரும் இல்லை. இரண்டு பேரும் தட்டை நிலத்துப் பிள்ளைகள். எங்கள் ஊர்களில் உயரமானவை தென்னையும் பள்ளிவாசல் மினாராவும்தான். எங்கள் அறை யன்னலுக்கு நேரே ஹந்தானை மலைத்தொடர். ஏழு சிகரம் என்பார்கள். முதல் நாளே ஹாஜறா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இஞ்ச பாருகா, நம்மட சாகாமத்துப் பெரிய வரம்பு மாதிரி இரிக்கி."

அவளுடைய வாப்பாவுக்குச் சாகாமத்தில் வயல். சிறுவயதில் அவருக்குப் பின்னால் வரம்பு வரம்பாக நடந்து வளர்ந்தவள் அவள். தூரத்தில் இருந்து பார்க்கும்போது அந்த மலைத்தொடர் அவளுக்கு வானத்தில் கட்டிய ஒரு வரம்பாகவே தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. எங்களுக்கு வேறு எப்படித் தெரியும்?

இறுதி வருடத்தில் ஒரு விடுமுறை நாள். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு நான் மறுபடி படுத்துவிட்டேன். கடதாசி சரசரக்கும் சத்தத்தில் விழித்தேன். ஹாஜறா பாணுக்குள் சம்பலை வைத்துச் சுற்றிச் சீலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர்.

"எங்க வெளிக்கிட்ட?"

"மலைக்கு."

"ஆரோட?"

"ஆரோடயும் இல்ல."

"விசரா உனக்கு? ஏழும் ஏறப் போறியா?"

"ஒருதரம் ஏறினா முடிஞ்சுதே. மறுகா எல்லாம் மேலால நடக்கிறதுதான். அஸருக்கு முதல் வந்திருவன். நீ படு."

என்னையும் வரச்சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். கடைக்குப் போவதற்கே துணை தேடுகிறவள் நான். அவள் இறப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று பகல் முழுவதும் நான் யன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்தேன். மலையைப் பனி மூடுவதும் விடுவதுமாக இருந்தது. அஸர் போனது. இருட்டி மஃரிபும் வந்தது.

அந்தப் பகலில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவள் ஒருநாளும் தொடக்கத்தில் இருந்து முடிவுவரை சொன்னதில்லை. பிற்காலத்தில், கல்முனையில் மாரி மழை கொட்டி வகுப்புகள் நடக்காமல் போகும் நாட்களில், ஆசிரியர் அறையில் துண்டு துண்டாகச் சொல்வாள். நான்தான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதல் சிகரம் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லையாம். மேலே போய் நின்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அங்கே வரம்பு இல்லை. முன்னால் ஒரு பள்ளம். அதற்குள் முழுதாக இறங்கி, எதிர்ப்பக்கத்தால் புதிதாக ஏறினால்தான் அடுத்தது.

"ஒவ்வொரு மலைக்கும் வேறவேறயா இறங்கி வேறவேறயா ஏறணும் எண்டு ஆரும் எனக்குச் சொல்லல்ல. ஏறின உயரமெல்லாம் வீணாப் போகுதே எண்டு அழுக வந்திச்சு. வயலில ஒருக்கா வரம்புக்கு ஏறினா அது வாய்க்கால் மட்டும் கூட்டிப் போகும். மலை அப்படியில்ல கா. அது ஒண்டையும் மிச்சம் வைக்கிறல்ல."

மானாப்புல் இடுப்பளவுக்கு நின்றதாம். பாதை புல்லுக்குள் மறைந்து மறைந்து தெரிந்திருக்கிறது. இரண்டாவது இறக்கத்தில் செருப்பின் வார் அறுந்துபோக, இரண்டு செருப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். வயலில் நடந்த கால்தானே என்று நினைத்தாளாம். சேறு வேறு, கல் வேறு. காலில் ஏறிய அட்டைகளைச் சம்பலை எடுத்துத் தேய்த்து விழுத்தியதைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள். "அட்டைக்கும் நம்மட உறைப்பு ஏலாது."

உச்சி திரும்பிய ளுஹர் நேரம் அவள் ஒரு சிகரத்தின் மேலே நின்றாள். சுற்றிலும் பனி. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எங்கள் கரையில் இது ஒரு கேள்வியே இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முன்னால் மக்காவின் திசை, கிப்லா. சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும், கண்ணைக் கட்டிவிட்டாலும் அலைச்சத்தத்தைக் கேட்டுத் திரும்புவோம். அங்கே கடல் இல்லை. எந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டுவது? கொஞ்ச நேரம் நின்று யோசித்து, காற்று வந்த திசையைக் கடல் என்று மனதில் எண்ணிக்கொண்டு, போத்தலில் இருந்த தண்ணீரில் கை கால் கழுவி வுழூ எடுத்து, புல்லின் மேல் முக்காட்டுத் துணியின் ஒரு முனையை விரித்துத் தொழுதிருக்கிறாள். தொழுது சிறிது நேரத்தில் பனி விலகி வெயில் வந்தது. நிழல் சாய்ந்த பக்கத்தைப் பார்த்தால், அவள் முகம் நோக்கி நின்றது நேரே கிழக்குப் பக்கம்.

"மக்காவுக்கு முதுகைக் காட்டி கல்முனையைப் பாத்துத் தொழுதிருக்கன். அந்தத் தொழுகை கூடுமா, கூடாதா?"

"மௌலவியிட்டக் கேளன்."

"அவர் முதல்ல தனிய என்னத்துக்குப் போன எண்டு கேப்பார். தொழுகையைப் பத்திக் கதைக்க வர மஃரிபாகிரும்."

தண்ணீர் தீர்ந்துவிட்டது. அடுத்த மலைக்கு ஏறுமுன் தாகத்தில் ஒரு கல்லின் மேல் இருந்து அழுததாகச் சொன்னாள். அந்த இடத்தில் இருந்து கீழே நல்ல ஒற்றையடிப் பாதை ஒன்று வளாகத்துப் பக்கமாக இறங்கியதாம். இறங்கியிருந்தால் பகலோடு அறைக்கு வந்திருப்பாள். ஏன் இறங்கவில்லை என்று பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரேயொரு தடவை பதில் சொன்னாள்.

"ஊரில நான் ஒரு இடத்துக்கும் பேசாம நடந்து போனதில்ல. கடப்பால வெளிக்கிட்டா ஒருத்தர் 'புள்ள எங்க போற?' எண்டு கேப்பாங்க. சந்தியில ஒருத்தர் கேப்பாங்க. கடைக்காரர் கேப்பார். அண்டைக்குக் காலையில இரிந்து ஒருத்தரும் கேக்கல்ல. முதல்ல சந்தோசமா இரிந்திச்சு. மறுகா பயமா இரிந்திச்சு. அதுக்கு மறுகா ஒண்டுமே இல்ல, நடந்த நான், அவ்வளவுதான். அந்த ஒண்டுமே இல்லாததை விட்டுப்போட்டு இறங்க மனசு வரல்ல."

கடைசிச் சிகரத்தில் இருந்து அவள் கடலைத் தேடியிருக்கிறாள். கிழக்கே மலைக்குப் பின்னால் மலையாக, நீலம் மங்கிக்கொண்டே போயிருக்கிறது. "அங்கால நம்மட ஆக்கள் இரிக்காங்க எண்டு தெரியும். ஆனா ஒருத்தரும் இல்லாத மாதிரியே இரிந்திச்சு," என்றாள்.

மஃரிப் நேரம் அவள் மறுபக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வந்து இறங்கினாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் தண்ணீர் கொடுத்து, காலைக் கழுவச் சொல்லி, ரொட்டியும் கொடுத்தார்கள். அங்கே தோளில் பெரிய துணிப் பொட்டணியோடு ஒருவர் நின்றிருந்தார். லயம் லயமாகப் போய்ச் சாறன் விற்கும், கல்முனைக்குப் பக்கத்து மருதமுனை வியாபாரி. எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"புள்ள, நீங்க கல்முனைப் போடியார்ட மூத்த மகளெல்லவா? இஞ்ச என்ன செய்றீங்க?"

"மலைக்கு வந்த நான், காக்கா."

"ஆரோட?"

"தனிய."

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவளோடு ஒரே பஸ்ஸில் ஏறி, இரண்டு ஆசனம் முன்னால் இருந்துகொண்டு, அவள் இருக்கிறாளா என்று இடைக்கிடை திரும்பிப் பார்த்துக்கொண்டு, விடுதி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர். ஊருக்குத் திரும்பி அவர் சொன்னதும் பொய்யில்லை. போடியாரின் மகள் இருட்டுப்படும் நேரத்தில் மலையில் இருந்து தனியாக இறங்கி வந்தாள் என்றுதான் சொன்னார். கேட்டவர்கள் மலையை நம்பினார்கள், இருட்டை நம்பினார்கள். தனியாக என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. ஒரு குமர்ப்பிள்ளை பகல் முழுவதும் மலையில் நின்றாள் என்றால் கூட ஒரு ஆள் நின்றிருக்கத்தானே வேண்டும்? அந்த ஆள் யார் என்பதுதான் பிறகு ஊரின் பேச்சு.

அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கென்று வாப்பா கட்டிய கல்வீடு ஓடு போட்டு முடிந்து, மாப்பிள்ளை வந்து குடியேறுவதற்காகப் பூட்டிக் கிடந்தது. படிப்பு முடிந்து நாங்கள் ஊருக்கு வந்த கையோடு, மாப்பிள்ளையின் மாமி பாலமுனைக்கு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கோபத்தோடு வரவில்லை. பாயில் இருந்து உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மகள், நீங்களும் கூடப் போனதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. எங்களுக்கு அது போதும். ஒரே அறையில இரிந்த புள்ளைகள், விளையாட்டா ரெண்டு பேரும் போன. முடிஞ்சுது. நாங்க மறுகா கிளறமாட்டம்."

உம்மா கதவுக்குப் பின்னால் இருந்து, "ஓமெண்டு சொல்லன் புள்ள. ஒரு குமர் கரை சேரட்டும்," என்றார்.

ஹாஜறாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் கல்முனைக்குப் போனேன். அவள் அந்தப் புதுவீட்டுக்குள் சீமெந்துத் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கதிரை மேசை எதுவும் இல்லாத வீடு. கதைத்தது எல்லாம் எதிரொலித்தது.

"நான் சொல்றன் ஹாஜறா. எனக்கு அதில ஒரு கஷ்டமும் இல்ல."

"நீ வரல்லயே."

"வந்ததெண்டு சொன்னா என்ன குறையும்?"

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் கல்லில இரிந்து தாகத்தில அழுத நேரம் நீ என்ன செய்த? சொல்லு. தொழுத நேரம் எந்தப் பக்கம் நிண்ட?"

அவள் சாத்திய விளக்குமாற்றை எடுத்து நான் கூட்டத் தொடங்கினேன்.

"பாத்தியா? உன்னைக் கொண்டுபோய் எங்க வைக்கிறதெண்டே எனக்குத் தெரியல்ல. நீ வந்தா அந்த நாள் எனக்கு இல்லாமப் போயிரும். வேற ஒரு நாளும் என்னட்ட அப்படி இல்ல கா."

அவளுடைய வாப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகளிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"மெய்யா தனியத்தானா மகள்?"

"ஓம் வாப்பா."

"அப்ப அப்படியே இரிக்கட்டும்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. பிறகு பேசிய சம்பந்தங்களும் அந்தக் கேள்வி வரை வந்து நின்றன. தங்கை ஜெஸீமாவை எவ்வளவு காலம் வைத்திருப்பது? மூத்தவள் இருக்க இளையவளுக்கு நிக்காஹ் நடந்தது. அன்று சமையல் பந்தலில் எல்லோருக்கும் முன்னால் நின்று வேலை செய்தவள் ஹாஜறாதான்.

வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பிறகு அந்தப் புதுவீட்டில் அவள் தனியே குடியிருந்தாள். அங்கே எதிரொலி குறையவேயில்லை. சிலர் அவளை வைராக்கியக்காரி என்றார்கள், கலியாணம் வேண்டாமென்று இருந்தவள் என்றார்கள். ஒருநாள் பாடசாலை விட்டு வரும் வழியில் அவள் என்னிடம் சொன்னாள்: "கலியாணம் வேணாமெண்டு நான் ஒரு நாளும் சொல்லல்ல. அது எல்லாருக்கும் மறந்து போச்சு."

அவளிடம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வருடமும் மலைகள் பற்றிய பாடம் வரும்போது வகுப்பில் ஒரு துணிந்த பிள்ளை எழும்பிக் கேட்கும்.

"டீச்சர், நீங்க மெய்யாவே மலையில ஏறினீங்களா?"

"ஓம்."

"ஆரோட டீச்சர்?"

"தனிய. இரி. படத்தைக் கீறு."

பின்வாங்குப் பிள்ளைகளிடம் சிரிப்புக் கிளம்பும். அவள் திரும்பி நின்று சோக்கட்டியால் வரைவாள். ஏற்றம், முழு இறக்கம், மறுபடி ஏற்றம். பக்கத்து வகுப்பில் இருந்து எனக்கு எல்லாம் கேட்கும். அந்தச் சிரிப்பை அவள் வருடாவருடம் வாங்கிக்கொண்டாள். பதிலை மாற்றவில்லை.

பிறகு யுத்தம் வந்து காலம் கெட்டது. மேற்கே போகும் பாதைகள் அடிக்கடி மூடப்பட்டன. பாடசாலை மேல்மாடியில் இருந்து தெளிந்த மாலைகளில் தூரத்து மலைகள் ஒரு கோடாகத் தெரியும். "இன்னொருக்காப் போகணும்," என்பாள். போக முடியவில்லை. நெஞ்சு பலவீனம் என்று வைத்தியர் சொன்ன பிறகு மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். நான் கையைப் பிடிக்கப் போனால், "இது எட்டாவது மலை. விடு, ஏறிருவன்," என்பாள்.

அவள் மவுத்தாகி ஏழாம் நாள் ஓதிய கத்தத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டவர்கள் கலைந்த பிறகு ஜெஸீமா என்னை உள்ளறைக்கு அழைத்தாள். இந்த நினைவு மலருக்கு நான் எழுதப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"டீச்சர், அதில ஒரு வரி மட்டும் போடுங்க. நீங்களும் ராத்தாவும் சேந்து மலைக்குப் போனதெண்டு. அவ மவுத்தாகிட்டா, இனி ஆருக்கு நட்டம்? ஒரு நல்ல பேரோட இரிக்கட்டும்."

வாழ்க்கையில் நான் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகியதில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எனக்கு ஏலாது ஜெஸீமா. நான் போகல்ல."

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மெய்யாவே ஒருத்தரும் போகல்லயா? நான் இவ்வளவு காலமும் ஆரோ ஒராள் இரிந்திருக்கும், ராத்தா மறைக்கிறா எண்டுதான் நினைச்சிருந்தன்."

"ஒருத்தரும் இல்ல."

"அவ்வளவு தூரமும் அவ தனியவா நடந்த?"

"ஓம்."

ஜெஸீமா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மவுத்தன்றுகூட அவள் அப்படி அழுததை நான் காணவில்லை. பக்கத்து வளவில் இருந்த சொந்தத் தங்கைக்கே அன்றைக்குத்தான் அக்கா தெரியவந்தாள். ஒருவர் நம்புவதைக் காண ஹாஜறா இருக்கவில்லை.

நீங்கள் எல்லோரும் அவரவர்க்குக் கிடைத்த ஹாஜறாவை வைத்திருப்பீர்கள். படிப்பித்த பாடம், கண்டிப்பு, கரும்பலகையில் இழுத்த அந்தக் கோடு. என்னிடம் அவளோடு கழித்த நாட்கள் ஏராளமாக உண்டு. அறை, வகுப்பு, மழை, பஸ் பயணம். ஆனால் நான் வைத்துக்கொள்வது நான் இல்லாத அந்த ஒரு நாளைத்தான். பனிக்குள் ஒரு பெண் வெறுங்காலோடு இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. நானும் இல்லை.